பினாங்கில் இறங்கியாச்சு, சுங்கை பாக்காப் போய்ச் சேருவது எப்படி?

பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு அனைத்துலக விமான நிலையத்திலிருந்து சுங்கை பாக்காப் நேர்க்கோட்டில் பார்த்தால் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் விமான நிலையம் தீவில் இருக்கிறது, சுங்கை பாக்காப் பெருநிலத்தில், தென் செபராங் பிறையில் இருக்கிறது. நடுவில் கடல். அந்தக் கடலை எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருடைய வண்டியில் கடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தப் பயணம் முக்கால் மணி நேரத்திலும் முடியலாம், மூன்று மணி நேரத்தையும் தாண்டலாம்.

கோலாலம்பூரிலிருந்து லீவுக்கு வரும் பல்கலைக்கழக மாணவர், சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு தீபாவளிக்கு வரும் அண்ணன், சென்னையிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வரும் குடும்பம் என எல்லாரும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் போனைத் திறந்து கிராப்பைப் பார்க்கிறார்கள். பல நேரம் அதுவே சரியான முடிவாகவும் இருக்கும். எப்போது சரி, எப்போது சரியில்லை, ஓட்டுநர்கள் ஏன் சில நேரம் இந்தப் பக்கம் வரத் தயங்குகிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் சுருக்கமான பதில். ஒருவர் அல்லது இருவர், பகல் நேரம், அவசரம் என்றால் இ-ஹெய்லிங். நள்ளிரவுக்குப் பிறகு இறங்கி, செயலியில் ஆள் கிடைக்கவில்லை என்றால் விமான நிலைய டாக்சி முகப்பில் கூப்பன். கையில் காசு குறைவு, ஆனால் நேரம் இருக்கிறது என்றால் பஸ், ஃபெரி, ரயில். ஊரில் நாலைந்து நாள் தங்கி நாலு இடம் சுற்றப் போகிறீர்கள் என்றால் வாடகைக் கார். வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப் போனால் அதுதான் இலவசம் என்று நினைக்க வேண்டாம், அதற்கும் கணக்கு இருக்கிறது.

எந்தப் பாலம்?

1985 வரை தீவிலிருந்து பெருநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோக ஃபெரி ஒன்றுதான் வழி. விமான நிலையத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு ஜார்ஜ்டவுன் வரை வந்து, ஃபெரிக்கு வரிசையில் நின்று, பட்டர்வொர்த்தில் இறங்கி, பிறகு புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட் என்று தெற்கே ஓட்ட வேண்டும். அந்தத் தலைமுறையைக் கேட்டால் விமான நிலையம் போய்வருவது ஒரு நாள் வேலை என்பார்கள்.

1985இல் 13.5 கிலோமீட்டர் நீள முதல் பாலம் வந்தது. தீவில் குளுகோர் பக்கம் தொடங்கி பெருநிலத்தில் பிறையில் முடிகிறது. சுங்கை பாக்காப் ஆட்களுக்கு இதனால் பாதி உதவிதான், ஏனென்றால் விமான நிலையத்திலிருந்து வடக்கே ஏறிப் போய் பாலத்தைப் பிடித்து, அந்தப் பக்கம் இறங்கி மறுபடியும் தெற்கே வர வேண்டும். மொத்தம் 50 கிலோமீட்டரைத் தொடும்.

நிலைமையை மாற்றியது 2014 மார்ச் 1ஆம் தேதி திறக்கப்பட்ட இரண்டாம் பாலம், அதாவது சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா பாலம். மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடல் மேல். தீவில் பத்து மாவுங்கில் தொடங்குகிறது, அது விமான நிலையத்துக்குப் பக்கத்து இடம். முடியும் இடம் பத்து காவான், அது சுங்கை பாக்காப்புக்குப் பக்கத்து இடம். இந்த ஊர்க்காரர்களுக்கு என்றே போட்ட பாலம் போல இருக்கும். இந்த வழியில் மொத்தத் தூரம் 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஜாம் இல்லாவிட்டால் 40 முதல் 45 நிமிடம்.

பத்து காவான் வந்த பிறகு இரண்டு வழி உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி ஜாவி டோலில் இறங்கலாம், அல்லது சிம்பாங் அம்பாட் பக்கம் போய்ப் பழைய கூட்டரசு சாலையில், அதாவது நம்ம ஆட்கள் 'பழைய ரோடு' என்று சொல்லும் முதலாம் எண் சாலையில் வரலாம். நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டணம் உண்டு. பழைய ரோட்டுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சாயங்காலத்தில் அதில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

வண்டியில் ஏறியதும் ஓட்டுநரின் வழிகாட்டி வரைபடத்தில் எந்தப் பாலம் காட்டுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். முதல் பாலம் காட்டினால், காரணம் கேட்பதில் தப்பில்லை. சில நேரம் இரண்டாம் பாலத்தில் விபத்து நடந்து வழி அடைபட்டிருக்கலாம். காரணம் எதுவும் இல்லாமல் முதல் பாலம் வழியாகப் போவது வீண் சுற்று.

இன்னொரு சின்ன விஷயம். செயலியில் ஊர் பெயரைத் தட்டும்போது 'சுங்கை' என்று தொடங்கும் இடங்கள் வரிசையாக வரும். சுங்கை ஆரா விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சுங்கை பத்து தெலுக் கும்பார் பக்கம், இரண்டுமே தீவில்தான். அவசரத்தில் தப்பான சுங்கையைத் தட்டிவிட்டு, ஆஹா கட்டணம் இவ்வளவு குறைவா என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். சுங்கை பாக்காப் மருத்துவமனை போல எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தைக் குறியாக வைத்தால் குழப்பம் வராது.

டோல் ஒரு பக்கம்தான், அங்கேதான் சிக்கல்

பினாங்கின் இரண்டு பாலங்களிலும் தீவை நோக்கிப் போகும்போது மட்டும்தான் டோல் வாங்குகிறார்கள். தீவிலிருந்து பெருநிலம் வருவதற்குப் பாலக் கட்டணம் கிடையாது. சாதாரணக் காருக்கு இரண்டாம் பாலத்தில் 7 வெள்ளி. 2020இல்தான் அது 8 வெள்ளி 50 காசிலிருந்து இறங்கியது. முதல் பாலத்தில் அதே ஆண்டு 7 வெள்ளியிலிருந்து 5 வெள்ளி 74 காசானது. மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் இரண்டிலும் கட்டணமே இல்லை.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பயணிக்கு இது நல்ல செய்தி மாதிரி தெரியும். ஓட்டுநர் பக்கம் நின்று பாருங்கள். உங்களை சுங்கை பாக்காப்பில் இறக்கிவிட்ட பிறகு அவர் என்ன செய்வார்? தீவில் குடியிருப்பவராக இருந்தால், அல்லது விமான நிலையத்தில் அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால், 40 கிலோமீட்டர் திரும்ப ஓட்ட வேண்டும். சுங்கை பாக்காப்பில் அந்த நேரத்தில் தீவுக்குப் போக ஒரு பயணி கிடைப்பது அதிர்ஷ்டம். ஆள் இல்லாமல் காலி வண்டியாகத் திரும்பினால் பெட்ரோலும் அவருடையது, நேரமும் அவருடையது, பாலத்தில் டோலும் அப்போதுதான் வருகிறது.

அதே நேரத்தில் ஜார்ஜ்டவுன் போகும் சுற்றுலாப் பயணி ஒருவரை ஏற்றினால்? சுமார் 18 கிலோமீட்டர், டோல் இல்லை, இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்த ஆள் ஏறுவார். உங்கள் பயணத்துக்குக் கட்டணம் இரண்டு மடங்கு கிடைக்கலாம், ஆனால் அவருடைய கணக்கில் அது நான்கு மடங்கு தூரம். ஓட்டுநர் ஏற்றுக்கொண்டு அப்புறம் ரத்து செய்வது, 'எங்கே போறீங்க' என்று செய்தி அனுப்பிப் பதில் வந்ததும் காணாமல் போவது, இதற்கெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம். ரத்து செய்வது சரி என்று சொல்லவில்லை. காரணம் புரிந்தால் நாம் நேரத்தையும் வழியையும் கொஞ்சம் புத்தியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களில் நிறைய பேர் பெருநிலத்தில் குடியிருப்பவர்கள். சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணி வரை இவர்கள் எல்லாம் வீடு திரும்பும் திசையும் நீங்கள் போகும் திசையும் ஒன்று. அந்த நேரத்தில் சாலை மெதுவாக நகரும், செயலியில் கட்டணமும் ஏறியிருக்கும். ஆனால் பகுதி நேரமாக ஓட்டும் ஓட்டுநர்களும் அப்போதுதான் பெருநிலத்துக்குத் திரும்புகிறார்கள். சிம்பாங் அம்பாட்டிலோ நிபோங் திபாலிலோ வீடு இருக்கும் ஒருவருக்கு உங்கள் பயணம் வழியில் கிடைத்த வரவு. ஆகவே சாயங்காலம் ஜாம் அதிகம், ஆனால் ஆள் கிடைக்க வாய்ப்பும் அதிகம். காலையில் நேர் எதிர், பெருநிலம் போகும் பக்கம் சாலை காலி, ஓட்டுநர்களின் கண் தீவுக்குள் இருக்கும் குறுகிய பயணங்களில் இருக்கும்.

ஒரு வழி உண்டு, ஊர் இளைஞர்களில் சிலர் ஏற்கெனவே செய்வதுதான். சுங்கை பாக்காப் வரை இ-ஹெய்லிங் கேட்காமல் பத்து காவான் வரை கேட்பது. 2019இல் திறந்த இக்கியா கடையும், அதற்கு முன்பே வந்த டிசைன் வில்லேஜ் வளாகமும் அங்கே இருப்பதால், ஓட்டுநருக்குத் திரும்பும்போது ஆள் கிடைக்கும் நம்பிக்கை இருக்கும். நீங்கள் அங்கே இறங்கி உட்கார்ந்து ஏதாவது குடித்துக்கொண்டிருக்கலாம், வீட்டிலிருந்து வருகிறவர் பாலம் ஏறாமல் வந்து கூட்டிப் போகலாம். அவருக்கும் டோல் மிச்சம். கடை திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் இந்த யோசனை. இரவு 11 மணிக்குப் பிறகு பெட்டியோடு அங்கே நிற்பது புத்திசாலித்தனம் இல்லை.

செயலியில் ஏறும் முன்

இ-ஹெய்லிங் மலேசியாவில் சட்டத்துக்கு உட்பட்ட தொழில். 2017இல் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. 2019இல் விதிகள் முழுசாக அமலுக்கு வந்தன. ஓட்டுநரிடம் பிஎஸ்வி உரிமம் இருக்க வேண்டும், வண்டிக்கு இவிபி எனும் அனுமதி இருக்க வேண்டும், காப்புறுதியில் இ-ஹெய்லிங்குக்கான பகுதி சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் பயணிக்கு முக்கியம். பாலத்தின் நடுவில் ஒரு விபத்து என்றால், வாடகைக்கு ஓட்டும் காப்புறுதி இல்லாத வண்டியில் இருந்தவருக்கு நட்ட ஈடு கேட்பது பெரிய தலைவலி ஆகலாம்.

இது வெறும் காகித விஷயம் இல்லை என்பதற்கு 2025 ஜூலையில் நடந்தது உதாரணம். இன்டிரைவ், மாக்சிம் ஆகிய இரண்டு செயலிகளின் உரிமத்தையும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட் ரத்து செய்வதாக அறிவித்தது. அனுமதி இல்லாத ஓட்டுநர்களை ஓட்ட விட்டார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பிறகு மேல்முறையீட்டில் அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. மலிவான செயலி என்று தேர்ந்தெடுக்கும்போது எதில் மலிவு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உபர் 2018 மார்ச்சில் தென்கிழக்காசியத் தொழிலை கிராப்பிடம் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து போட்டி குறைவு, அதனால் கட்டணம் கூடிவிட்டது என்ற புகார் ஓயவில்லை. அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. அதற்காக அனுமதி இல்லாத வண்டியில் ஏறிப் பழிவாங்க முடியாது.

உறுதிசெய்யும் பொத்தானைத் தட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். டோல் கட்டணத்துக்குள் சேர்ந்திருக்கிறதா, தனியாக வருமா? பெட்டிகள் எத்தனை? நாலு பேர், ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி என்றால் மைவியில் அடங்காது, ஆறு பேர் வண்டிதான் வேண்டும். ஓட்டுநர் வந்து பார்த்துவிட்டு முடியாது என்று போவதை விட முதலிலேயே பெரிய வண்டி கேட்பது மேல். இன்னொன்று, பெட்டி வருவதற்கு முன்பே செயலியில் வண்டி கேட்க வேண்டாம். பெல்ட்டில் பெட்டி சுற்றி வர அரை மணி நேரம்கூட ஆகும், வெளியே ஓட்டுநர் காத்திருப்பார், காத்திருப்புக் கட்டணம் ஏறும்.

விமான நிலையத்தில் விரிவாக்கப் பணி நடக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்குக் கட்டிய முனையத்தை 1 கோடியே 20 லட்சம் பேரைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக்குகிறார்கள், 2028இல் முடிப்பது திட்டம். அதுவரை வண்டி ஏறும் இடம் போன தடவை இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அறிவிப்புப் பலகையையும் செயலி சொல்லும் கதவு எண்ணையும் நம்புங்கள்.

கூப்பன் டாக்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வருகை மண்டபத்தில் முகப்பு இருக்கிறது, இடத்தைச் சொன்னால் தொகை சொல்வார்கள், காசு கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற வேண்டியதுதான். பொதுவாக இ-ஹெய்லிங்கை விடக் கூடுதல், நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை இன்னும் கூடுதல். ஆனால் ஓட்டுநர் பாதியில் ரத்து செய்ய மாட்டார், கட்டணம் ஏறி இறங்காது. தாமதமான விமானத்தில் இரவு 1 மணிக்கு வந்து இறங்கும் வயசான அம்மா அப்பாவுக்கு, போனில் செயலி இல்லாத இந்திய விருந்தாளிக்கு இதுதான் நிம்மதி.

நிம்மதியைக் கெடுப்பவர்கள் கதவுக்கு வெளியே நிற்பார்கள். 'டாக்சி, டாக்சி, எங்க போகணும் தம்பி' என்று தமிழிலேயே கேட்டாலும் சரி, அது கெரேத்தா சாப்பு. அனுமதி இல்லாமல் ஆளை ஏற்றுவது 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். நம்ம ஆளாக இருக்கிறாரே என்ற ஒரு காரணத்துக்காகக் காப்புறுதி இல்லாத வண்டியில் கடல் பாலம் ஏற வேண்டாம். இரவில் தனியாக வரும் பெண்கள் எந்த வண்டியில் ஏறினாலும் எண் பலகை செயலியில் காட்டியதுதானா என்று பார்த்துவிட்டு, பயண விவரத்தை வீட்டுக்குப் பகிர்ந்துவிட்டு ஏறுவது நல்லது.

பஸ், ஃபெரி, ரயில்: கடலைச் சுற்றி ஒரு ப

விமான நிலையத்திலிருந்து சுங்கை பாக்காப்புக்கு நேரடி பஸ் இல்லை. பொதுப் போக்குவரத்திலேயே போக வேண்டும் என்றால் பாதை தமிழ் எழுத்து 'ப'வைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். தீவில் தெற்கிலிருந்து வடக்கே ஏற வேண்டும், வடக்கில் கடலைக் கடக்க வேண்டும், பெருநிலத்தில் மறுபடி வடக்கிலிருந்து தெற்கே இறங்க வேண்டும்.

முதல் கை: ரேப்பிட் பினாங்கின் 401 அல்லது 401இ பஸ், விமான நிலைய நிறுத்தத்திலிருந்து ஜார்ஜ்டவுன் படகுத்துறை வரை. ஜாம் பொறுத்து முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 102 எண் பஸ்ஸும் கொம்தார் வழியாகப் போகும், ஆனால் அது தெலுக் பஹாங் போகிற பஸ், கொம்தாரில் இறங்கி மாற வேண்டும். ரொக்கம் என்றால் சரியான சில்லறை, பாக்கி தர மாட்டார்கள். அமெரிக்க டாலரையும் சிங்கப்பூர் வெள்ளியையும் கையில் வைத்துக்கொண்டு பஸ் படியில் நின்று தடவுவது பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குப் பிடிக்காது.

நடுப்பகுதி: ஃபெரி. 2021 தொடக்கத்தில் பழைய கார் ஃபெரிகள் நிறுத்தப்பட்டன, 2023 ஆகஸ்டில் புதுக் கப்பல்கள் வந்தன. நடந்து வருபவர்களும் இரு சக்கர வண்டிகளும் மட்டும் ஏறலாம். கட்டணம் ஓரிரு வெள்ளி, கடக்கும் நேரம் கால் மணி. இந்தப் பயணத்தில் மனசுக்குச் சந்தோஷமான கால் மணி நேரம் இதுதான், குளிர்சாதன வசதியும் உண்டு.

கடைசிக் கை: பட்டர்வொர்த்தில் இறங்கியதும் 2018இல் திறந்த பினாங்கு சென்ட்ரல், அதை ஒட்டி ரயில் நிலையம். அங்கிருந்து தெற்கே போகும் கேடிஎம் கொமுட்டர் புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், பாரிட் புந்தார் என்று போகும். கவனித்தீர்களா? சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் நடுவில் சுங்கை பாக்காப் இருக்கிறது, ஆனால் நிலையம் இல்லை. எந்தப் பக்கம் இறங்கினாலும் இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் மிச்சம். அங்கே யாராவது வந்து கூட்டிப் போக வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் செயலிதான்.

நிபோங் திபால் வரை எல்லாம் சேர்த்து 15 வெள்ளிக்குள் முடிந்துவிடும். அந்த விலைக்கு இது நல்ல பயணம், ஒரு முதுகுப் பையோடு வரும் மாணவருக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கோலாலம்பூர் எல்ஆர்டி மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வராது கொமுட்டர், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் உட்கார வேண்டும். ஆகவே விமானம் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பஸ் நேரத்தை அல்ல, கடைசி ரயில் நேரத்தை. மாலை 6 மணிக்கு மேல் இறங்குபவர்கள் இந்த வழியை நம்பி இறங்குவது ஆபத்து. தைப்பூசத்தின்போதும் வேண்டாம், தேர் ஊர்வலத்துக்காக ஜார்ஜ்டவுன் சாலைகள் மூடப்படும், பஸ் எங்கே திரும்பும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் ஆச்சரியமாக இருக்கும். 2024 டிசம்பர் 21 முதல் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் விட்டதால் இப்போது அந்த வருகை கூடியிருக்கிறது. அவர்கள் ஊரில் 2016 முதல் விமான நிலையத்திலேயே மெட்ரோ, சாலையைத் தாண்டினால் திரிசூலம் மின்சார ரயில். இங்கேயும் அப்படி ஒரு ரயில் இருக்கும் என்று நினைத்து வருகிற விருந்தாளிக்கு, முன்கூட்டியே சொல்லி வைப்பது உபசாரத்தில் சேரும்.

'நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்'

நம்ம வீடுகளில் இதுதான் முதல் பதில். மாமா வேலை முடிந்து வந்து, காரை எடுத்து, பாலம் ஏறி வருவார். போக வர 80 கிலோமீட்டர், தீவுக்கு வரும்போது 7 வெள்ளி டோல், விமான நிலைய நிறுத்துமிடக் கட்டணம், விமானம் தாமதம் என்றால் இன்னும் அதிகம். அதோடு அவருடைய இரண்டு மணி நேரம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓர் ஆளுக்காக ஒரு கார் தீவுக்கு வந்து போவதும் இ-ஹெய்லிங் கட்டணமும் பல நேரம் அவ்வளவு தூரத்தில் இல்லை. மூன்று நான்கு பேர் வருகிறார்கள் என்றால் நிச்சயம் வீட்டுக் கார்தான் மலிவு. அப்போதும் 'இறங்கிட்டேன்' என்று செய்தி வந்த பிறகு அவர் பத்து மாவுங் பக்கத்திலிருந்து கிளம்பினால் போதும், வாசலில் வண்டியை நிறுத்தி காவலரிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப் போகிறேன் என்று தம்பி சொல்வார். டோல் இல்லை, பாலத்தில் தனித் தடமும் உண்டு. ஆனால் கடல் மேல் 17 கிலோமீட்டர் காற்றில், முதுகில் பையும் கையில் இன்னொன்றுமாக உட்கார்ந்து வருவது இருபது வயசிலும் சுகமான விஷயம் இல்லை. மழை வந்தால் ஒதுங்க இடமில்லை.

வாடகைக் காரை எடுப்பவர்கள் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். டோலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், காரை வாங்கும்போதே டச் அண்ட் கோ அட்டையில் தொகை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வால்டோர், ஜாவி, நிபோங் திபால் என்று தோட்டத்துச் சொந்தங்களை ஒவ்வொரு வீடாகப் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு இதுதான் வசதி. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் செயலியில் வண்டி கேட்டுக் காத்திருந்தால் பாதி நாள் போய்விடும்.

எல்ஆர்டி வந்தால் மாறுமா?

2025 ஜனவரி 11ஆம் தேதி பினாங்கு எல்ஆர்டி முத்தியாரா தடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர், தீவின் தெற்கிலிருந்து விமான நிலையம், பாயான் லெப்பாஸ், கொம்தார் என்று வந்து கடலைக் கடந்து பினாங்கு சென்ட்ரலில் முடியும். 2031இல் ஓடத் தொடங்கும் என்பது இலக்கு. விமான நிலையத்திலிருந்து ஜாம் இல்லாமல், ஃபெரிக்குக் காத்திருக்காமல் பட்டர்வொர்த் போய்விடலாம். இது உண்மையிலேயே பெரிய மாற்றம்.

ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். எல்ஆர்டி வந்த பிறகும் சுங்கை பாக்காப் பயணியின் பாதை அதே கவிழ்ந்த 'ப'தான், இரண்டு கை வேகமாகிறது, மூன்றாவது கை அப்படியே இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, நிபோங் திபால் நிலையத்திலிருந்து சுங்கை பாக்காப்புக்கு பஸ் எத்தனை மணி வரை ஓடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் எல்ஆர்டியிடம் பதில் இல்லை. 2024 ஜூலை 6ஆம் தேதி நடந்த சுங்கை பாக்காப் இடைத்தேர்தலுக்காக எத்தனையோ தலைவர்கள் இந்த ஊருக்கு வந்து போனார்கள். அவர்களில் வெளியூரிலிருந்து விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் இரண்டாம் பாலத்தில் காரில்தான் வந்திருப்பார்கள். குறுக்கே 24 கிலோமீட்டர் பாலம் இருக்கும்போது, விமான நிலையம், பத்து காவான், நிபோங் திபால் ரயில் நிலையம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு பஸ் விடுவதற்கு 2031 வரை காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்கலாம். வேண்டியது சாலையோ தண்டவாளமோ இல்லை. சில பஸ்கள், ஒரு நேர அட்டவணை, ஆரம்பத்தில் காலியாக ஓடினாலும் நிறுத்திவிடாத பொறுமை.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: விமானம் வேண்டுமா? கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் போகும் இடிஎஸ் ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும், வழியில் பாரிட் புந்தாரில் நிற்கும். பாரிட் புந்தார் பேராக் மாநிலம்தான், ஆனால் நிபோங் திபாலுக்கு அடுத்த நிலையம், சுங்கை பாக்காப்புக்குக் கடலும் பாலமும் டோலும் இல்லாமல் வரலாம். விமானத்தில் ஒரு மணி நேரம் என்றாலும், நகரத்திலிருந்து விமான நிலையம் போகும் நேரம், முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரம், இறங்கி இந்த 40 கிலோமீட்டர் எல்லாம் சேர்த்தால் ரயிலோடு பெரிய வித்தியாசம் வராது. தீபாவளி வாரத்தில் மட்டும் இந்தக் கணக்கு வேலை செய்யாது, இடிஎஸ் டிக்கெட் விற்பனைக்கு வந்த வேகத்தில் முடிந்துவிடும்.